வெளியே ஒட்டுவதுதானே

சாலைக் கடைத்தெரு
12 அக்டோபர் 2025, ஞாயிறு

அக்கா,

நீ போன பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

என்னோடு படிக்கும் பிரிஸில்லாவின் அம்மா கழக்கூட்டத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வேலை செய்கிறாள். அந்த ஹாஸ்டலுக்குக் கீழே உள்ள மெடிக்கல் ஷாப்பில் ஒரு தமிழ்ப் பெண் நிற்கிறாள், இடது கையில் ஒரு விரல் அவளுக்கு மடங்காது என்று பிரிஸில்லா சொன்னபோதே நீதான் என்று தெரிந்துவிட்டது. உச்சிமாகாளி என்று சொல்ல வராமல் உன்னை மாளு என்று கூப்பிடுகிறார்களாம். இனி அவள் அம்மாவிடம்தான் கடிதம் கொடுத்தனுப்புவேன். வீட்டில் இருப்பது ஒரே போன். அது அம்மாவின் இடுப்பிலேயே இருக்கிறது.

ஆடி மாதத்தில் அப்பா லாரியிலிருந்து அரிசி மூட்டையோடு விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து படுக்கைதான். படுத்துக்கொண்டே அடிக்கலாம் என்று எனக்கு முன்பு தெரியாது. சொம்பை எறிவார், தட்டை எறிவார். என் புருவத்தின் மேல் தையல் போட்டிருக்கிறது. இரவெல்லாம் கத்துவார். வீட்டுக்காரர் ஸ்ரீகுமார் வாசலில் வந்து நின்று, "எந்தா சேச்சி இது? ராத்திரி மொத்தம் ஒச்சப்பாடு. அடுத்த மாசம் வேற வீடு நோக்கிக்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

போன மாதம் ஸ்ரீவராகத்தில் அம்மா வேலை செய்யும் வீட்டு மாமா இறந்துவிட்டார். உனக்கு ஞாபகம் இருக்கும், நமக்குப் பழைய புத்தகம் தருவாரே, அவர்தான். புற்றுநோய். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் நானும் அம்மாவோடு பாத்திரம் தேய்க்கப் போயிருந்தேன். விஜயலக்ஷ்மி மாமி ஒரு துணிப்பை நிறைய மருந்தை எடுத்து வந்து அம்மா முன்னால் வைத்தார்.

"பேச்சி, இதையெல்லாம் நீ எடுத்துண்டு போயிடு. அத்தனையும் விலை கூடினது. தூக்கிப் போட மனசு வரலைடி. உன் ஆம்படையானும் படுத்துண்டுதானே இருக்கான்?"

வீட்டுக்கு வந்து அம்மா பையைக் கொட்டினாள். மாத்திரைகளை எல்லாம் திரும்பப் பையில் போட்டுப் பரணில் ஏற்றினாள். "பேரு தெரியாத மாத்திரைய உள்ள தள்ளி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா என்ன செய்ய?" என்றாள். பிளாஸ்திரி கவர்களை மட்டும் கீழே வைத்துக்கொண்டாள்.

"அது மட்டும் என்னம்மா?" என்று கேட்டேன்.

"இது வெளிய ஒட்டுறதுதானட்டி. உள்ளயா போவுது?"

கண்ணாடிபோல மெல்லிய சதுரம். அப்பாவின் முதுகில் ஒட்டினாள். அதன் மேல் உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டிக் காலையும் மாலையும் ஒற்றுவது என் வேலை.

அன்றிலிருந்து அப்பா கத்துவதில்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. பொய் சொல்லவில்லை. பாடத்தைச் சத்தமாகப் படித்தேன். அம்மா ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து தலை சீவினாள்.

ஆனால் இப்போது அவர் சாப்பிடக்கூட எழுவதில்லை. வாயில் வைத்த கஞ்சி வாயிலேயே நிற்கிறது. மூச்சு வருகிறது, பிறகு வரவில்லை, நான் எழுந்து கிட்டே போனதும் மறுபடி வருகிறது. அந்த இடைவெளியில் நான் படும் பயத்தை எழுத வரவில்லை. அம்மா தூங்கிய பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காதெல்லாம் அவர் மூச்சின் மேலேயே இருக்கிறது.

பிளாஸ்திரி இருந்த கவர் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். இது என்ன என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

சுஜா


கழக்கூட்டம்
17 அக்டோபர்

சுஜா,

வேறு ஒன்றும் எழுத வேண்டாம் என்று நீயே சொல்லிவிட்டாய். நல்லது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, நான் செத்தேனா இருக்கிறேனா என்று ஒரு வரி கேட்கவில்லை. இப்போது கவர் வந்திருக்கிறது.

எங்கள் பார்மசிஸ்ட் ஸ்ரீகண்டன் சாரிடம் காட்டினேன். "மாளூ, இது எவிடெந்நு கிட்டி?" என்று கேட்டவர் அதற்குப் பிறகு சிரிக்கவே இல்லை. கடை வாசலில் குப்பையில் கிடந்தது என்றேன். எங்கள் கடையில் இதை வைப்பதுகூடக் கிடையாது.

இது உடம்பு வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி இல்லை. நோய் முற்றியவர்களுக்கு, மற்ற எந்த மருந்துக்கும் வலி கேட்காதபோது, டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பது. தோல் வழியாக ரத்தத்தில் இறங்கும். மூன்று நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். மாமாவின் உடம்பு பல மாதமாக அதற்குப் பழகியிருக்கும். பழகாத உடம்பில் ஒட்டினால் முதலில் தூக்கம் வரும். பிறகு மூச்சு விட மறந்துபோகும். மேலே சூடு வைத்தால் மருந்து இன்னும் வேகமாக இறங்கும். காலையும் மாலையும் நீ ஒற்றுகிறாயே, அந்தச் சூடு.

இதை உனக்கு உதவியாகச் சொல்லவில்லை. அப்பா என் கையை உள்கதவின் இடுக்கில் வைத்து நசுக்கியபோது, தெருவில் யாரும் பார்க்காமல் இருக்க வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போடச் சொன்னார். போட்டது நீ. போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் போய் நின்றுகொண்டாய். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல ஒரு முகம் வைத்திருந்தாய். அட்டையிலிருந்து மாத்திரை எடுக்கும்போதெல்லாம் இந்த விரல் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது, அப்போதெல்லாம் அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது.

இனி அந்த முகத்தை நீ வைத்துக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் எல்லாவற்றையும் எழுதினேன். எடுத்தால் முழித்துக்கொள்வார், முழித்ததும் கைக்கு எட்டுவது நீதான். எடுக்காவிட்டால் ஒரு நாள் முழிக்கமாட்டார். நீயே பார்த்துக்கொள்.

யாரை நம்பி வீட்டை விட்டு இறங்கினேனோ, அந்த ரெனியைப் பற்றி உன் தோழி கேட்டாளாம். அவன் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். போதுமா?

உ.


சாலை
24 அக்டோபர்

அக்கா,

தாழ்ப்பாள் போட்டபோது எனக்குப் பதினான்கு வயது. போடாவிட்டால் அடுத்த கை என்னுடையது. இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை.

உப்பை வறுப்பேன், அம்மா பார்க்கும்படி துணியில் கட்டுவேன், ஆனால் முதுகில் வைக்காமல் காலில் வைப்பேன். அப்படியே செய்துவந்தேன். திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போன பிறகு பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்துவிட்டேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. பின்பக்கக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மறுநாள் மாலை அப்பா கண்ணைத் திறந்தார். தண்ணீர் கேட்டார். கொண்டுபோனேன். குடித்தார். "நீயா" என்றார். கிட்டே வரச் சொன்னார். நானும் போனேன், அக்கா. என் சடையைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் இடித்தார்.

"சவத்து மூதி, எத்தன நாளா என்னயத் தூங்கப் போட்டுட்டு ஆட்டம் போடுதீக ஆத்தாளும் மகளும்?"

அன்றிரவு முழுக்கக் கத்தினார். ஸ்ரீகுமார் வந்து கதவைத் தட்டினார். அம்மா யாரையும் திட்டவில்லை. அப்பாவைப் புரட்டினாள், முதுகைத் தடவிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புதிதாக ஒன்றை எடுத்து ஒட்டினாள். பிறகு உப்பை அவளே வறுத்தாள்.

கொடுமை இனிமேல்தான். ஸ்ரீகுமாரின் நாய் டைகர் பின்பக்கம் குப்பையைக் கிளறியிருக்கிறது. காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. தூங்குவது போலத்தான் இருந்தது. நான் கூப்பிட்டேன், வால் ஆடவில்லை. வாயோரம் அந்தச் சதுரம் மென்ற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் வருவதற்கு முன் ஒரு இலையால் எடுத்து சாக்கடையில் தள்ளினேன். ஸ்ரீகுமார் நாயை மடியில் போட்டுக்கொண்டு, விஷம் வைத்தவன் கை அழுகிப் போகும் என்று மலையாளத்தில் சபித்தார். அந்தக் கையைத் தாவணிக்குள் ஒளித்துக்கொண்டு நானும் கூட்டத்தில் நின்றேன்.

அப்பாவின் முதுகில் இப்போது இருப்பதும் அதுதானே?

சுஜா


கழக்கூட்டம்
28 அக்டோபர்

சுஜா,

முட்டாள். உன்னை யார் குப்பையில் போடச் சொன்னது? மூன்று நாள் ஒட்டி எடுத்த பிறகும் அதில் மருந்து மிச்சம் இருக்கும். ஒரு நாய்க்கும் போதும், ஒரு குழந்தைக்கும் போதும். பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்கிறதா, நடக்கிறதா? அது உனக்கு நினைவு வரவில்லை.

கேட்டுக்கொள். பசை உள்ள பக்கத்தைத் தொடாதே. கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பிய். பசைப்பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து அழுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதை மூடியுள்ள டப்பாவில் போட்டு, யார் கைக்கும் எட்டாத இடத்தில் வை. மீதியையும் அப்படியே. குப்பை வேண்டாம், சாக்கடை வேண்டாம், அடுப்பும் வேண்டாம். மாமாவைப் பார்க்க வந்த நர்ஸ் எவளோ இருப்பாளே, அவளிடம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாமியும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். கையைச் சோப்பு போடாமல் தண்ணீரில் கழுவு.

இன்னொன்று. நீ அனுப்பிய கவரை மறுபடி பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. வெந்நீர்ப் பை, அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும்.

உ.


சாலை
2 நவம்பர், ஞாயிறு

அக்கா,

அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

நீ சொன்னாய் என்று சொல்லவில்லை. ஸ்கூலில் டீச்சர் சொன்னார்கள், இந்த மாதிரி பிளாஸ்திரியில் சூடு வைக்கக்கூடாதாம் என்றேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"உங்க டீச்சர் என்ன சொல்லுறது. மாமாவப் பாக்க வந்த அந்த ஷைலஜா சிஸ்டர் எனக்கு ரெண்டு தடவ சொல்லிச்சு. சேச்சி, இதிண்ட மேல சூடு வெக்கல்லே, கேட்டோன்னு. மாமி ஒரு நாளும் அவுக கிட்ட வரமாட்டா. பீ மூத்திரம் எடுத்தது நான், பிளாஸ்திரி மாத்துனது நான். எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. "தெரிஞ்சா ஏம்மா ஒத்தடம் கொடுக்கச் சொன்ன?" என்றேன்.

"எல்லாரும் கேப்பாவள்லா, எப்படி ஆச்சுன்னு. எழுதப் படிக்கத் தெரியாதவ, வெளிய ஒட்டுறதுதானேன்னு நெனச்சிட்டேன்னு சொல்லுவேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

மீன் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இருவது வருஷமா இந்த மனுசன் தூங்குற நேரத்துல மட்டுந்தான் நான் மூச்சு விட்டிருக்கேன். நீ என்னட்டி முழிக்கே? ஒத்தடம் கொடுத்தது நீயுந்தான். வாயத் தொறந்தா ரெண்டு பேருந்தான் போவணும்."

பிறகு எனக்கு மீன் வறுத்து வைத்தாள். தலையோடு சேர்ந்த பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் போட்டாள். நான் தின்றேன்.

இன்றைக்கு இரண்டு ஒட்டியிருக்கிறாள். முதுகில் ஒன்று, தோளில் ஒன்று. ஒரு நாள் முழுதும் நான் வீட்டில் இருந்தேன், அவள் என்னைத் தனியே விடவில்லை. அப்பாவின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கிறது. கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தேன். கருமணி கடுகளவு இருந்தது.

அக்கா, நீ வா. வந்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீ வந்தால் அம்மா உன்னைப் பார்த்தாவது நிறுத்துவாள். பிரிஸில்லாவிடம் நாளைக்கே பதில் கொடுத்தனுப்பு. நாளைக்கே.

சுஜா


கழக்கூட்டம்
3 நவம்பர்

சுஜா,

பிரிஸில்லாவின் அம்மா கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். அவளுக்குப் பஸ் வரும் முன் எழுதி முடிக்க வேண்டும்.

நான் வரமாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு இவ்வளவு தைரியம் இருந்திருக்கிறது. என் விரல் கறுத்து வீங்கியபோது அதில் மஞ்சளைத் தடவிவிட்டு, "அவர் கோவக்காரர், நீதான் அடங்கிப் போவணும்" என்று சொன்னவள் இவள்தான். இதை அப்போதே செய்திருந்தால் நான் இன்றைக்குக் காலேஜில் இருந்திருப்பேன். எனக்காகச் செய்யாததைத் தூக்கத்துக்காகச் செய்கிறாள்.

அவர் உனக்கு வேண்டும் என்றால் அந்த நர்ஸைக் கூப்பிடு. இன்றைக்கே. வேண்டாம் என்றால் நீ ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். இரண்டில் எது என்று என்னிடம் கேட்காதே. கேட்டால் நான் சொல்லிவிடுவேன்.

என் கடிதங்களை எரித்துவிடு.

உ.


சாலை
23 நவம்பர், ஞாயிறு

அக்கா,

உன் கடிதங்களை எரிக்கவில்லை. கிழித்து மாவாகக் கரைத்துக் கொட்டினேன். புகை வந்தால் இந்த வீட்டில் கேட்பார்கள்.

நடந்ததை நீ எவ்வளவு கேள்விப்பட்டாய் என்று தெரியாது, எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உன் பதில் வந்த மறுநாள் காலை ஸ்கூலுக்குப் போகாமல் ஸ்ரீவராகத்துக்குப் போனேன். மாமி அம்மாவைக் கடைக்கு அனுப்பியிருந்தார். மாமி பூஜையில் இருந்தார். ஷைலஜா சிஸ்டரின் போன் நம்பர் கூடத்துக் காலண்டரில் இன்னும் இருந்தது. மாமியின் போனை எடுத்துக் கூப்பிட்டேன். ஒட்டியிருக்கிறது, இரண்டு, உதடு நீலம் என்று மலையாளத்தில் மூன்று சொல்தான் சொன்னேன். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "வீடு எவிடெ? பற, மோளே, வேகம் பற" என்று விலாசத்தைச் சொல்லச் சொல்லி அவசரப்படுத்தினார்.

நான் ஓடி வந்து சேர்வதற்கு முன்பே சிஸ்டர் வந்த ஜீப் தெருமுனையில் நின்றது. கதவைத் திறந்ததும் அப்பாவின் முதுகில் இருந்ததைப் பிய்த்தார். தோளில் இருந்ததை நான் காட்டிக் கொடுத்தேன். "சொரிமுத்து சேட்டா! ஹலோ! கண்ணு துறக்கு!" என்று மார்பில் விரல் முட்டியால் தேய்த்துத் தேய்த்துக் கூப்பிட்டார். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது, இவ்வளவு சத்தமாகக் கூப்பிடுகிறாரே, அப்பா எழுந்துவிடுவாரே என்று. அப்படித்தான் தோன்றியது. உன்னிடம் மறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் குழாய் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டார்.

அம்மா அங்கே வந்து தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "எழுதப் படிக்கத் தெரியாதவம்மா நான், வெளிய ஒட்டுறதுதானேன்னு நெனச்சிட்டேன்" என்றாள். மீன் கழுவும்போது சொன்ன அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறவில்லை. ஷைலஜா சிஸ்டரின் முகம் வெளிறிப்போயிற்று. அம்மாவிடம் சூட்டைப் பற்றி இரண்டு தடவை சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். அவர் என்னைத்தான் பார்த்தார். நான் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தேன். சிஸ்டர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மாமியிடம்தான் கத்தினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மருந்தெல்லாம் தீர்ந்துவிட்டது என்று மாமி அவரிடம் பொய் சொல்லியிருந்தாராம்.

மாமி அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அப்பா வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் அம்மா ஒரு பையை எடுத்துக்கொண்டு வள்ளியூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். நானும் வருகிறேன் என்று அழுதேன். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"நீதான அவரப் பொழைக்க வெச்ச? நீயே பாத்துக்கோ."

இப்போது வீட்டில் நானும் அப்பாவும்தான். ஸ்கூலுக்குப் போவதில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் மட்டும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அவருடைய மாத்திரைகளை நீ சொல்வாயே, அப்படித்தான் வைத்திருக்கிறேன். அட்டையிலிருந்து முன்கூட்டிப் பிரிப்பதில்லை, ஈரம் படாத டப்பா, பூட்டு, சாவி என் கழுத்தில். நேரம் தவறுவதில்லை. சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "மிடுக்கி" என்று மெச்சி என் கன்னத்தைத் தட்டினார். கன்னத்தில் ஏன் வீக்கம் என்று கேட்டார். பல்வலி என்றேன்.

டாக்டர் நல்ல செய்தி சொல்லியிருக்கிறார். எலும்பு சேர்ந்துவிட்டதாம். சித்திரைக்குள் நடப்பாராம். பழகுவதற்கு ஒரு கம்பு கொடுத்திருக்கிறார்கள். முன்பு கை எட்டும் தூரம் எது என்று எனக்குத் தெரியும், அதற்கு வெளியே படுப்பேன். இப்போது கம்பும் சேர்ந்துவிட்டது. அறையில் மிச்சம் இடம் இல்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், இங்கேயும் எட்டும். அவர் தூங்கவில்லை, இருட்டில் கம்பைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறார். நிறுத்தினால் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அதுவரை எழுதலாம்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் வார்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாளாம். உள்ளே வராமல் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாளாம். பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னாள். அன்றைக்கு நீ கடையில் இல்லை என்று பிரிஸில்லாவும் சொன்னாள். இருக்கிறாரா என்று பார்க்க வந்தாயா, இல்லையா என்று பார்க்க வந்தாயா? நீ கேட்காதே என்றாய், நானும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. அம்மா போவதற்கு முன்பே சிஸ்டர் வந்து பிளாஸ்திரிகளைத் திரும்ப எடுத்துப்போனார். பரணில் இருந்த மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டார். நீ சொல்லிக்கொடுத்தபடியே ஒட்டி எடுத்தவற்றை மடித்து, ஒட்டாதவற்றை அடுக்கி, டப்பாவோடு நான் கொடுத்தேன். அவர் மாமி வீட்டுக்குக் கொடுத்த கணக்கோடு ஒத்துப் பார்த்தார். குப்பையில் போனவற்றை நான் சொல்லக் கழித்த பிறகும் ஒன்று குறைந்தது.

"ஸ்ரீகுமார் சாரின் நாய் செத்துப்போச்சே, சிஸ்டர், அதுதான் இதையும் தின்னிருக்கும்" என்றேன். நாய் தின்றது குப்பையில் போட்டதைத்தானே, அதைத்தான் முன்பே கழித்துவிட்டோமே என்று அவர் யோசிப்பாரோ என்று பயந்தேன். அவர் நெற்றியில் கை வைத்து, "பாவம்" என்றார். நாயைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

அது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. கவர் பிரிக்கவில்லை. ஓரத்தில் தேதி போட்டிருக்கிறது, அடுத்த ஆவணி வரைக்கும் இருக்கும். ஆனால் அடுப்பங்கரை சுவரெல்லாம் சூடு, மழை வந்தால் பரணில் ஈரம். கெட்டுப்போகாமல் இருக்க எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

சுஜா